அந்த மனுசியின் கிழங்கு ரொட்டி

நம் கூட்டம் இப்போது எந்த விருந்தில் சந்தித்தாலும் ஒரே கதைதான். யாருக்குச் சீனி கூட, யாருக்குக் கொழுப்பு கூட, யார் எந்தக் குளிசை போடுகிறார். தொண்ணூறுகளில் பெரிய ஜாக்கெட்டுக்குள் தலை மட்டும் தெரிய ரொறன்ரோவில் வந்து இறங்கிய பிள்ளைகள் நாங்கள். இன்றைக்கு உணவகத்தில் மெனுவைக் கையை நீட்டிப் பிடித்துத்தான் வாசிக்கிறோம். போன மாதம் அப்படியொரு விருந்தில், மேசையில் இருந்த பொரித்த கிழங்கைக் காட்டி, சின்ன வயதில் உங்கள் வீட்டில் கிழங்கை என்ன செய்வீர்கள் என்று உங்களில் ஒருவர் கேட்டார். ஆளுக்கொன்று சொன்னீர்கள். பிரட்டல், வெள்ளைக் கறி, ரோல்ஸுக்குள் வைப்பது. நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழும்பிப் போய்விட்டேன். பதில் சொல்லத் தொடங்கியிருந்தால் உங்கள் எல்லோருடைய சாப்பாடும் ஆறிப் போயிருக்கும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அப்பா ஒரு கிழங்கு ரொட்டி சுடுவார். ஜெர்மனியில் பழகியது. ஒரே ஒரு குளிர்காலம்தான் சுட்டார். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் அம்மா அப்பாவோடு நேருக்கு நேர் பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரு சொல்லினால் வந்த வினை அது. சண்டைக்காரர் யாரும் சொன்ன சொல்லும் அல்ல, நாங்கள் எல்லோரும் தினமும் சொல்லும் சாதாரணச் சொல்.

வெக்ஸ்போர்ட்டில் ஒரு தொடர்மாடியில் இருந்தோம். உங்களுக்கு அந்தக் கட்டடங்களைத் தெரியும். நடைபாதையில் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு வாசம் இருக்கும், கம்பளத்தில் எல்லா வாசமும் சேர்ந்து ஊறிக் கிடக்கும். குளிர் தொடங்கிச் சூட்டுக் குழாயைத் திறந்துவிட்டால் தூசி கருகும் மணம் வீடு முழுக்க வரும். அம்மாவும் நானும் அந்த மணத்துக்குள்தான் வந்து சேர்ந்தோம்.

அப்பாவை எனக்குத் தெரியாது. நான் தவழ்ந்து திரிந்தபோது ஜெர்மனிக்குப் போனவர். அங்கே ஒரு சின்ன ஊரில் அகதி முகாமில் வருடக்கணக்காக இருந்து, விண்ணப்பம் தள்ளுபடியானதும் எப்படியோ கனடாவுக்கு வந்து, பிறகு எங்களைக் கூப்பிட்டவர். நாங்கள் வள்ளத்தில் கடல் ஏரியைக் கடந்து, லொறியில் காட்டைக் கடந்து, கொழும்பில் ஒரு மூட்டைப்பூச்சி லொட்ஜில் காத்துக் கிடந்து வந்தோம். விமான நிலையத்தில் என் முன்னால் குனிந்து நின்ற மனிதருக்குத் தொலைபேசியில் வந்த குரல் பொருந்தவேயில்லை. அவர் எனக்கு ஒரு சோடி கையுறை தந்தார். போட்டுப் பார்த்தால் இரண்டும் இடது கைக்குரியவை. "இவ்வளவு காலம் குளிருக்குள்ள இருந்தும் உது தெரியேல்லையோ?" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அந்தக் கையுறைகளை நான் வெகுகாலம் வைத்திருந்தேன். வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டன.

அம்மா நின்றுகொண்டுதான் சாப்பிடுவார். ஓடித் திரிந்த காலத்தில் பழகிய பழக்கம். தட்டைக் கையில் ஏந்தி, கதவுப் பக்கம் பார்த்தபடி, நாலு வாயில் முடித்துவிடுவார். அடுத்த வீட்டுக்காரர் விட்டுப் போன மூன்று கதிரைகள் எங்கள் மேசையைச் சுற்றி இருந்தன. ஒன்று மரம், ஒன்று பிளாஸ்டிக், ஒன்று மெத்தை கிழிந்தது. மெத்தை கிழிந்ததில் அப்பா ஒரு துவாயை மடித்துப் போட்டு அம்மாவுக்கென்று ஒதுக்கி வைத்தார். அம்மா அதில் உடுப்பு மடித்து வைத்தார்.

சனிக்கிழமை காலையில் அடுப்படி அப்பாவினுடையது. ஜெர்மனியிலிருந்து அவர் கொண்டுவந்த பெட்டியில் உடுப்பை விடப் பெறுமதியாக இருந்தது ஒரு தகரத் துருவி. நாலு பக்கமும் துளை வைத்துப் பெட்டிபோல் நிற்கும், பிடியில் சிவப்புப் பூச்சு உரிந்திருக்கும். கிழங்கைத் தோல் சீவிப் பச்சையாகவே அதில் துருவுவார். வெங்காயத்தையும் அதிலேயே துருவுவார், கண்ணால் தண்ணீர் ஓட ஓட. பிறகு எல்லாவற்றையும் அம்மாவின் பழைய பருத்திச் சேலைத் துண்டில் கட்டி முறுக்கிப் பிழிவார். பழுப்பு நிறத் தண்ணீர் சட்டிக்குள் வடியும். எனக்கு அலுப்புத் தட்டும் வரைக்கும் அந்தத் தண்ணீரை அசையாமல் வைப்பார். மெல்லச் சரித்து ஊற்றினால் அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை மா ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டித் துருவலோடு சேர்த்துக் குழைப்பார்.

"அங்க முட்டையும் போடுறவை. அம்மா சைவமெல்லே. இந்த மாவே உதிராமல் பிடிக்கும், பார் பிள்ளை," என்பார்.

அது பிடித்தது. முட்டையில்லாமல் பிடிக்க வைப்பதற்கு அவர் எத்தனை சனிக்கிழமை உடைந்த ரொட்டிகளைத் தானே தின்று தீர்த்தார் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

தொட்டுக்கொள்ள அப்பிள். கடையில் அடிபட்டதென்று கழித்துப் போடும் புளிப்பு அப்பிளைத் தோல் நீக்கி, கறுவாப்பட்டை ஒரு துண்டு போட்டு, சீனி இல்லாமல் அவித்து மசிப்பார். அதற்கு அவர் சொன்ன பெயர் அப்பிள்மூஸ். பள்ளிக்கூடச் சுவரில் பெரிய கொம்போடு மூஸ் என்று ஒரு மிருகத்தின் படம் தொங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த இறைச்சியைத்தான் அப்பா மசித்து வைத்திருக்கிறார் என்று நினைத்து நான் மேசைக்குக் கீழே போய் இருந்து அழுதேன். அப்பா நிலத்தில் முழங்கால் குத்தி மேசைக்குக் கீழே எட்டிப் பார்த்தார்.

"அது மாடுமில்லை, மரையுமில்லை. மூஸ் எண்டால் அவையளுக்குக் கடைஞ்சது. கீரை கடையிறேல்லையே, அப்பிடி அப்பிளைக் கடைஞ்சது. வாங்கோ பிள்ளை வெளியில."

நான் அவரை முதன்முதலாக அப்பா என்று கூப்பிட்டது அந்த மேசைக்குக் கீழேயிருந்துதான்.

அந்த ரொட்டியைப் பரிமாறுவதற்கு அப்பாவிடம் ஒரு சட்டமே இருந்தது. தட்டுகளை முதலே அவன் அடுப்புக்குள் வைத்துச் சுடவைக்க வேண்டும். சாப்பிடுகிறவர்கள் மேசையில் வந்து இருந்த பிறகுதான் சட்டியில் எண்ணெய் விட வேண்டும். தட்டுக்கு இரண்டு. ஓரம் கரகரவென்று பொன்னிறமாக, நடு மெத்தென்று இருக்கும்போதே சட்டியிலிருந்து நேரே தட்டுக்கு வர வேண்டும். அப்பிள் கடையல் பக்கத்தில், ஒருபோதும் மேலே அல்ல. மேலே ஊற்றினால் முறுகல் போய்விடும். மற்றவர்களுக்காகக் காத்திருக்கக் கூடாது, அடுக்கி வைக்கக் கூடாது, பிறகு சாப்பிடலாம் என்று மூடி வைக்கக் கூடாது. சுடுகிறவர் கடைசி ஆள் போதும் என்று சொல்லும் வரைக்கும் நின்றே சுட வேண்டும்.

"இரும். ஆறப்போகுது, இருந்து சாப்பிடும்," என்று ஒவ்வொரு முறையும் அம்மாவிடம் சொல்வார்.

அம்மாவுக்கு அது பெரிய சங்கடம். மனிதன் அடுப்பில் நிற்க, தான் கதிரையில் இருந்து வாங்கிச் சாப்பிடுவதா? "ஆரும் கண்டால் என்ன நினைப்பினம்," என்று நடைபாதைக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். அப்பிளை மசித்துக் கிழங்கோடு தின்பதும் அவருக்குப் பிடிபடவில்லை. கடையில் அது குழந்தைப்பிள்ளைச் சாப்பாட்டுத் தட்டில் சின்னப் போத்தலில் இருந்ததை அவர் கண்டிருந்தார். "நோயாளிக்குக் குடுக்கிறதைக் கொண்டந்து கிழங்குக்கு வைக்கிறார்," என்பார். தன் பங்கை எடுத்துக்கொண்டு கதவோரம் போய், செத்தல் மிளகாய்ச் சம்பலோடு நின்றபடி விழுங்குவார். அப்பா துவாய் போட்ட கதிரையிலிருந்து உடுப்புகளை எடுத்து மறுபடி கட்டிலில் வைப்பார்.

அந்த வயதில் எனக்கு வேறு பெரிய ஆசைகள் இருந்திருக்க வேண்டும். பனிச்சறுக்கு, பார்பி பொம்மை, எதுவோ. ஆனால் நினைவில் நிற்பது ஒன்றுதான். அம்மா அந்தக் கதிரையில் ஒரு தடவை இருக்க வேண்டும். இருந்துவிட்டால் எங்கள் வீடும் மற்றவர்களுடைய வீடுமாதிரி ஆகிவிடும் என்று நான் உறுதியாக நம்பினேன். அப்பாவும் அப்படித்தான் நம்பினார் என்று நினைக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை இருந்தார். வெளியே பனி கொட்டிப் பல்கனிக் கம்பியில் காயப்போட்ட துவாய் பலகை மாதிரி விறைத்து நின்ற நாள். கீழே துணி துவைக்கும் அறையிலிருந்து கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தவர், காலுளைவு தாங்காமல், யோசிக்காமல் அந்தக் கதிரையில் இருந்துவிட்டார். அப்பா திரும்பிப் பார்த்தார். ஒன்றும் நடக்காததுபோல் ஒரு சூடான தட்டை எடுத்து, இரண்டு ரொட்டி வைத்து, பக்கத்தில் அப்பிள் கடையல் வைத்து, அம்மாவின் முன்னால் கொண்டுவந்து வைத்தார். தட்டை அவர் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அம்மா ஒரு ஓரத்தைப் பிய்த்து, அப்பிளில் தொட்டு வாயில் வைத்தார். கரக்கென்ற சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டையும் முடித்துவிட்டு, தட்டைப் பார்த்தபடியே, "இன்னொண்டு தாங்கோ," என்றார்.

அந்த இன்னொன்றில்தான் அப்பாவின் வாய் திறந்தது. அவர் அதிகம் பேசாத மனிதர். சந்தோசம் வந்ததும் என்ன பேசுவதென்று தெரியாமல் பேசினார்.

"நான் சொன்னனான்தானே, அப்பிளோடதான் இதுக்கு உருசை. அந்த மனுசி மேல ஊத்த விடாது. பக்கத்திலதான் வைக்கும். நான் ஒருநாள் ஊத்திப்போட்டன், கையில தட்டிப்போட்டுது!"

அப்பா சிரித்தார். அம்மா மென்று கொண்டிருந்ததை நிறுத்தினார்.

"எந்த மனுசி?"

"ஜெர்மனியில. எங்கட காம்புக்குப் பக்கத்து வீடு. ஃப்ராவ் எண்டுதான் கூப்பிடுறது. சனிக்கிழமையில போனால் இதுதான்."

அம்மா உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போனார். மூன்றாவது ரொட்டியில் பாதி தட்டில் கிடந்தது.

அடுத்த நாள் மாமா வந்தார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். கனடாவுக்கு வரும் வழியில் ஜெர்மனியில் சில மாதம் தங்கியவர். அந்தச் சில மாதத்தை வைத்து அவர் இங்கே ஜெர்மனி முழுவதற்கும் அதிகாரியாக இருந்தார். ஜெர்மன் கார், ஜெர்மன் ரோடு, ஜெர்மன்காரனின் நேரந்தவறாமை என்று ஒவ்வொரு வருகையிலும் ஒரு பிரசங்கம் இருக்கும். அப்பா கடைக்குப் போயிருந்தார். தேத்தண்ணீரைக் கொடுத்துவிட்டு, ஏதோ போகிற போக்கில் கேட்பதுபோல் அம்மா கேட்டார்.

"அண்ணை, ஃப்ராவ் எண்டால் என்ன?"

"ஃப்ராவோ? ஃப்ராவ் எண்டால் மனுசி," என்றார் மாமா. தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, பாடம் நடத்தும் குரலில், "மைனே ஃப்ராவ் எண்டால் என்ர மனுசி. பெஞ்சாதி. ஏன் கேக்கிறாய்?"

நீங்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்துக் காதுதான், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மனுசி என்றால் நமக்குப் பெஞ்சாதி. மனுசி என்றால் நமக்குப் பொதுவாக ஒரு பொம்பிளையும்தான், தெருவில் போகிற, பேர் தெரியாத, மரியாதையாகச் சொல்ல வேண்டிய எந்தப் பொம்பிளையும். ஜெர்மன்காரரின் ஃப்ராவும் அப்படியே இரண்டுக்கும் நிற்கிறதாம், பிறகு அறிந்தேன். மாமாவின் மொழிபெயர்ப்பில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. அதனால்தான் அவரைத் திட்டக்கூட எனக்கு வழியில்லாமல் இருக்கிறது.

அம்மா அழுதார். மாமா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். விசயம் முழுவதையும் கேட்காமலேயே அவருக்கு விளங்கிவிட்டது. குரலைத் தாழ்த்தி, மிகவும் பெருந்தன்மையோடு அவர் சொன்னது இது:

"விடு தங்கச்சி. ஆம்பிளையள் தனிய இருந்தவை. குளிர் நாடு. எத்தினையோ பேர் அப்பிடித்தான். இப்ப உன்னட்டத்தானே வந்திருக்கிறார். நீ ஒண்டும் கேக்காதை."

அப்பா செய்யாத ஒன்றை மாமா அப்பாவின் சார்பில் ஒப்புக்கொண்டு, அதற்கு மன்னிப்பும் வழங்கிவிட்டு, ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போனார். அவர் நல்ல மனதோடுதான் செய்தார் என்பதை இந்த வயதில் என்னால் பார்க்க முடிகிறது. எரிச்சல் குறையவில்லை.

அம்மா அந்த வாரம் முழுவதும் ஒன்றும் கேட்கவில்லை. சனிக்கிழமை அப்பா வழக்கம்போல் துருவினார், பிழிந்தார், மா வடிய விட்டார். தட்டுகளைச் சுட வைத்தார். துவாயை உதறி மறுபடி கதிரையில் போட்டார். "இரும், எண்ணெய் காயுது," என்று கூப்பிட்டார். அம்மா அறையிலிருந்து வரவில்லை. அப்பா எனக்கு இரண்டு வைத்துவிட்டு, அம்மாவின் தட்டிலும் இரண்டு வைத்து மேசையில் வைத்தார். ஆவி பறந்தது. கொஞ்ச நேரத்தில் ஆவி நின்றது. ரொட்டியின் ஓரம் மெல்லத் தொய்ந்து, எண்ணெய் தட்டில் வெள்ளையாக உறையத் தொடங்கியது. அப்பா அதை எடுக்கவுமில்லை, மூடவுமில்லை.

அம்மா வந்து வாசற்படியில் நின்றார்.

"உங்கட மனுசி சுட்டுத் தந்ததை இனி எனக்குச் சுட்டுத் தராதேங்கோ."

அப்பா சட்டியைப் பார்த்துக்கொண்டே, "எந்த மனுசி? ஓ, அந்த மனுசியோ," என்றார். முகத்தில் சிரிப்புக்கூட வந்தது. "அது பாவம்."

"பாவமோ?"

"பாவம்தான். அதுக்கு ஒருத்தரும் இல்லை. நான்தான் போய் வாறனான். நான் வெளிக்கிடேக்க கையைப் பிடிச்சுக்கொண்டு குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதது."

நான் அந்த அடுப்படியில்தான் இருந்தேன். அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. ஒவ்வொரு உண்மையும் அம்மாவின் முகத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கியது. அப்பா திரும்பிப் பார்த்தபோதுதான் அந்த முகத்தைக் கண்டார். கண்டு, விளங்கி, கையிலிருந்த தட்டகப்பையைக் கீழே வைத்தார்.

"என்னை அப்பிடியோ நினைச்சீர்?"

அம்மா ஆறிப்போன தட்டைப் பார்த்தார்.

"அந்த மனுசியைப் பற்றி இனி இந்த வீட்டில கதை வேண்டாம்," என்றார் அப்பா. அவருக்கு அது ரோசம். தன்னைச் சந்தேகப்பட்டது ஒரு பக்கம், அந்த மனுசியையும் அதற்குள் இழுத்தது இன்னொரு பக்கம். அம்மாவுக்கு அது ஒப்புதல் வாக்குமூலமாகக் கேட்டது. வேறு எப்படிக் கேட்கும்? நான் அம்மாவின் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

அப்பா அடுப்பை நிறுத்திவிட்டு வெளியே போனார். அம்மா கழுவாத துருவியை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன். குப்பைக் குழாயின் இரும்புக் கதவை இழுத்துத் திறந்து, துருவியை உள்ளே போட்டார். தகரம் சுவரில் அடித்து அடித்து, ஒவ்வொரு மாடியாக இறங்கிப் போகும் சத்தம் நெடுநேரம் கேட்டது. பிறகு அடியில் மெத்தென்ற ஒன்றில் விழுந்தது. குழாயிலிருந்து புளித்த பால் மணம் வந்தது. அம்மா கதவை மூடிவிட்டு, கையைச் சட்டையில் துடைத்தார்.

எங்கள் ஆட்கள் பிரிய மாட்டார்கள். அதுவும் அந்தக் காலத்தில். கடன் எடுத்து அஜக்ஸில் வீடு வாங்கினார்கள். அப்பா ரயிலில் வேலைக்குப் போய் வந்தார். அம்மா தினமும் சமைத்தார், அப்பாவின் உடுப்பை மடித்தார், காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி அவித்தார். ஆனால் எல்லாம் என் வழியாகத்தான். "அப்பாவிட்டச் சொல்லு, சாப்பாடு மேசையில கிடக்கு." "அப்பாவைக் கேள், நாளைக்கு வேலையோ எண்டு." அப்பா இரண்டடி தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். நான் திருப்பிச் சொல்வேன். அவர் எனக்கே பதில் சொல்வார். கலியாணம் முடித்து யூனியன்வில்லுக்குப் போன பிறகு இவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று கவலைப்பட்டேன். அம்மா சுவரைப் பார்த்துச் சொல்லப் பழகியிருந்தார். "சாப்பாடு இருக்கு," என்று சுவருக்குச் சொல்வார்.

சனிக்கிழமை காலைகளில் அப்பா காரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். எங்கே போகிறார் என்று ஒருமுறை தற்செயலாகக் கண்டேன். ஒரு கோப்பிக் கடையின் வாகனத் தரிப்பிடத்தில், எஞ்சினை நிறுத்தாமல் காருக்குள் இருந்து, கடதாசி உறையிலிருந்து ஹாஷ் பிரவுனை எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். அதுவும் துருவிப் பொரித்த கிழங்குதான். தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. நான் கிட்டப் போகவில்லை, அவருக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் அப்பா போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வந்திருந்தபோது, எனக்குத் தெரியாத ஒரு பெரியவர் கைத்தடியோடு வந்தார். அப்பாவோடு ஜெர்மனி முகாமில் ஒரே அறையில் இருந்தவராம். அங்கேயே தங்கிவிட்டவர், மகளைப் பார்க்க ரொறன்ரோவுக்கு வந்த இடத்தில் செய்தி கேட்டிருக்கிறார். அப்பாவின் படத்தைக் கும்பிட்டுவிட்டு மேசையில் இருந்தார். நான் சோறு போட்டேன். அம்மா பருப்புச் சட்டியோடு என் பின்னால் நின்றார்.

"கொப்பர் இஞ்சயும் அந்தக் கிழவியின்ர கிழங்கு ரொட்டி சுடுறவரோ, பிள்ளை?" என்று கேட்டார்.

"எந்தக் கிழவி அங்கிள்?"

"எங்கட காம்புக்குப் பக்கத்து வீட்டுக் கிழவி. அப்பவே எண்பது இருக்கும். வாயில ஒரு பல்லில்லை. அதாலதான் எல்லாத்துக்கும் அப்பிளை அவிச்சு மசிச்சு வைக்கும். கொப்பர்தான் அதுக்குப் பனி தள்ளுறது, விறகு கொத்திக் குடுக்கிறது. அதுவும் எங்களைப் போல ஓடி வந்த ஆள். அவையின்ர உலகச் சண்டை முடியேக்க, கைக்குழந்தையோட வண்டிலில வந்ததாம். குழந்தை வழியில செத்துப்போட்டுது." கொஞ்சம் சோற்றைக் குழைத்தார். "எங்களைக் கண்டால் இழுத்துக்கொண்டு போய் இருத்தும். ஓடி வந்த ஆக்கள் நிண்டு தின்னக் கூடாது எண்டு சொல்லும். நாங்கள் போதும் எண்டு சொல்லுமட்டும் தான் இராது. கொப்பர் எப்பவும் சொல்லுவார், என்ர மனுசி வந்தால் நானும் இப்பிடி இருத்திச் சுட்டுக் குடுப்பன் எண்டு."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் கரண்டி சட்டியில் முட்டும் சத்தம் கேட்டது. அம்மா அவருக்குப் பருப்பு விட்டார். நெய்யும் விட்டார். "வடிவாச் சாப்பிடுங்கோ அண்ணை," என்றார்.

கிழவி. அந்த ஒரு சொல் போதுமாக இருந்திருக்கும். அப்பா அந்தக் காலை அந்தக் கிழவி மேலே ஊற்ற விடாது என்று சொல்லியிருந்தால் அம்மா மூன்றாவது ரொட்டியை முடித்திருப்பார். நாலாவதும் கேட்டிருப்பார். தனக்குச் சோறு போட்ட ஒருத்தியை அப்படிச் சொல்ல அப்பாவுக்கு நாக்கு வரவில்லை. மரியாதையாக மனுசி என்றார்.

எல்லோரும் போன பிறகு பாத்திரம் கழுவினோம். அம்மா துடைத்துக்கொண்டிருந்தார்.

"உவர் பொய் சொல்லுறார்," என்றார்.

"ஏனம்மா அவர் பொய் சொல்ல?"

"செத்த ஆளைக் காப்பாத்திறதுக்கு ஆரும் சொல்லுவினம். கிழவியெண்டால் அந்தாள் ஏன் என்னட்டச் சொல்லேல்லை? வாய் இருந்ததுதானே."

துடைத்து வைத்த தட்டையே மறுபடி எடுத்துத் துடைத்தார். நான் வாதாடவில்லை. அவர் அதை நம்பினால் இத்தனை வருடத்தையும் என்ன செய்வது? எங்கே கொண்டுபோய்ப் போடுவது? எனக்கு அம்மாவின் மேல் கோபம், அப்பாவின் மேல் அதைவிடக் கோபம். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பேசவில்லை.

அடுத்த வருடம் அப்பாவின் ஆட்டைத் திவசம், முதலாம் வருட நினைவு நாள், வந்தது. முதல் நாள் அம்மா தொலைபேசியில், "வரேக்க கிழங்கும் கொஞ்சம் புளி அப்பிளும் வாங்கிக்கொண்டு வா," என்றார். அப்பிள் எதற்கு என்று கேட்டேன். "வாங்கிக்கொண்டு வா," என்றார்.

காலையில் நான் போனபோது அடுப்படியில் புதுத் துருவி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. எங்கே வாங்கினாரோ. சட்டியில் பழுப்புத் தண்ணீர் அசையாமல் இருந்தது. அந்தச் சனிக்கிழமைகளில் கதவோரம் நின்ற அம்மா கதவை மட்டும் பார்த்திருக்கவில்லை. அப்பிள் கறுவாவோடு அவிந்துகொண்டிருந்தது. அந்த மணத்தை நான் முப்பது வருடத்துக்குப் பிறகு மறுபடி மணந்தேன்.

அப்பாவின் படத்தை மாலை போட்டுக் கதிரையில் சாத்தி வைத்திருந்தோம். முன்னால் தலைவாழை இலை. சோறு, கறிகள், வடை, பாயாசம் எல்லாம் படைத்தாயிற்று. ஐயர் மணியைப் பார்த்தார். "அம்மாவைக் கூப்பிடுங்கோ, நேரம் போகுது," என்று யாரோ சொன்னார்கள். அடுப்படியில் அப்போதுதான் எண்ணெய் சீறும் சத்தம் கேட்டது. அவன் அடுப்பின் கதவு திறந்து மூடும் சத்தமும் கேட்டது.

அம்மா ஒரு தட்டைத் துணியால் பிடித்துக்கொண்டு வந்தார், அவ்வளவு சூடு. இரண்டு ரொட்டி, ஓரம் பொன்னிறமாக, முட்டையில்லாமல் பிடித்திருந்தது. அப்பிள் கடையல் பக்கத்தில் இருந்தது. இலைக்கு அருகில் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தார். எல்லோரும் கும்பிட்டோம். அம்மா கும்பிடாமல் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரொட்டியிலிருந்து ஆவி எழும்பி மெலிந்துகொண்டிருந்தது. அவர் ஏதோ சொல்லப் போகிறார் என்று தெரிந்ததும், பழக்கத்தில், அப்பாவிடம் சொல்வதற்காக நான் அம்மாவின் பக்கம் திரும்பி நின்றேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை.

"இஞ்சேருங்கோ," என்றார் படத்திடம். "ஆறப்போகுது. சாப்பிடுங்கோ."